பெரிய ஃபைல் அனுப்பினால் படுத்துவிடாத வீட்டு ரூட்டர் எது?

படப்பெட்டி (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பது என் பிழைப்பு. எடிட் செய்பவர்களில் ஒருவர் ஈப்போவில் இருக்கிறார், இன்னொருவர் சென்னையில். முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைக் கூரியரில் அனுப்புவேன். இப்போது சிங்க்திங் (இரு கம்ப்யூட்டருக்கு நடுவே ஃபைலை நேரே அனுப்பும் புரோகிராம்) போட்டு அனுப்புகிறேன். முடிந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டுமென்றால் கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் புரோகிராம்.

வீடு டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்). முன்பு கித்தாக் (ரப்பர்) காடாக இருந்த இடம்தான். ஃபைபர் வந்துவிட்டது, இறக்கம் 300 எம்பிபிஎஸ், ஏற்றம் 50. லைனில் குறை சொல்ல முடியாது. ரூட்டர்தான் உயிரை வாங்குகிறது. அனுப்பத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரியின் வாட்சாப் அழைப்பு விட்டு விட்டு வரும். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் காலையில் நெட்டே இருக்காது. வைஃபை கோடு மட்டும் நிறையக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகும், மறுநாள் மறுபடியும் அதே கதை.

லைன் போட்டபோது நிறுவனம் இலவசமாகத் தந்த ரூட்டர் இது. 500 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவு செய்யத் தயார். கடையில் எட்டு ஆண்டெனா வைத்த ஒன்றைக் காட்டி இதுதான் பெஸ்ட் என்கிறார்கள். வாங்கலாமா?

மீன்குழம்பு77

ஏசுஸ் எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. முடிந்தது கதை.

லூனாஸ்வாசி

எந்த ஏசுஸ், மீன்குழம்பு? நூற்றுச் சொச்ச வெள்ளிக்கும் ஏசுஸ் இருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் இருக்கிறது. பெயரை மட்டும் சொன்னால் மனிதர் கடையில் போய் எதைக் கேட்பார்?

கம்பிக்காரர்

தம்பி, காசை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை ரூட்டர் படுக்கும்போது சுவிட்சில் கை வைக்க வேண்டாம். லேப்டாப்பைக் கேபிளில் ரூட்டரோடு இணையுங்கள், வைஃபை வேண்டாம். பிறகு வரிசையாக மூன்று பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) போடுங்கள். முதலில் ரூட்டரின் சொந்த முகவரி, 192.168.0.1 அல்லது 192.168.1.1, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். அப்புறம் 8.8.8.8, கூகிளின் முகவரி. அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயர்.

கேபிளில் இருந்தும் ரூட்டரே பதில் சொல்லவில்லை என்றால் பெட்டியே உறைந்துவிட்டது. சூடு, ரேம் தீர்ந்துபோவது, அடாப்டர் தேய்ந்துபோவது, இந்த மூன்றில் ஒன்று. ரூட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் லைன் விழுந்திருக்கலாம், இல்லை இணைப்புப் பட்டியல் நிரம்பியிருக்கலாம். ரூட்டர் பக்கத்தைத் திறந்து பிபிபிஓஇ (நிறுவனத்தின் லைனுக்குள் நுழையும் முறை) இணைந்திருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 8.8.8.8 பதில் தந்து தளத்தின் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை முகவரியாக மாற்றும் வேலை. கேபிளில் எல்லாம் ஓடுகிறது, போனில் மட்டும் இல்லை என்றால் வைஃபை ரேடியோ. இந்த ஒன்றுக்குத்தான் ஆண்டெனாப் பேச்சு பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெட் இல்லை என்று சொல்லும் அந்த நேரத்தில், முன்பே ஓடிக்கொண்டிருந்த சிங்க்திங் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறதா?

படப்பெட்டி

அண்ணே, இன்று காலை சரியாக மாட்டியது. ரூட்டர் உடனே பதில் சொல்கிறது. அதன் பக்கத்தில் லைன் இணைந்திருப்பதாகவே காட்டுகிறது. 8.8.8.8 எப்போதாவது ஒரு பதில், மற்றதெல்லாம் டைம் அவுட். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்ட மாதிரியே ஈப்போவுக்குப் போகும் ஃபைல் நிற்கவே இல்லை, போய்க்கொண்டே இருக்கிறது. புதிதாக ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இது எப்படி?

லூனாஸ்வாசி

அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது. இணைப்புப் பட்டியல் நிரம்பிவிட்டது.

வீட்டில் எத்தனை கருவி இருந்தாலும் வெளியே ஒரே ஐபி முகவரிதான். எந்தப் பதில் எந்தக் கருவிக்கு என்று ரூட்டர் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வரும் ஆட்களின் பெயரைக் கிராணி (எழுத்தர்) ஏட்டில் எழுதுவாரே, அந்த மாதிரி. ஏட்டில் இருக்கும் வரிகள் தீர்ந்துவிட்டால் புதிதாக வருபவருக்குப் பெயரும் இல்லை, வேலையும் இல்லை. ஏற்கெனவே பெயர் இருப்பவர் வேலை செய்துகொண்டே இருப்பார். உங்கள் ஈப்போ ஃபைல் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இலவசமாக வரும் ரூட்டர் பலவற்றில் இந்தப் பட்டியலில் சில ஆயிரம் வரிதான் இருக்கும். சாதாரண வீட்டுக்கு அது தாராளம். டோரண்ட் வந்தால்தான் வினை. கியூபிட்டோரண்ட் தொடக்க அமைப்பிலேயே மொத்தம் 500 இணைப்பு, ஒரு டோரண்டுக்கு 100 என்று திறக்கும். அது போதாதென்று டிஎச்டி என்ற ஆள்தேடல், யூடிபி என்ற அனுப்பும் முறையில் ஊரெல்லாம் கதவு தட்டும். ஒவ்வொரு தட்டலும் பட்டியலில் ஒரு வரி.

எழுதிய வரியை எப்போது அழிப்பது என்பதில் இன்னொரு கூத்து. பல ரூட்டருக்குள் ஓடும் லினக்ஸில், முறையாக மூடாமல் போன ஒரு டிசிபி (வழக்கமான இன்னொரு அனுப்பும் முறை) இணைப்பைத் தொடக்க அமைப்பின்படி 4,32,000 வினாடி வைத்திருப்பார்கள். அதாவது 5 நாள்! மறுமுனையில் இருப்பவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார், இங்கே அவர் பெயர் 5 நாள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ரூட்டருக்கான திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டியில் இதை 7,440 வினாடியாக, 2 மணி 4 நிமிடமாக, குறைத்து வைத்திருக்கிறார்கள். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணையத் தர ஆவணம் குறைந்தது இவ்வளவு நேரம் வைத்திருங்கள் என்று சொல்லும் அளவும் அதுதான்.

இன்றே செலவில்லாமல் செய்யக்கூடியது: கியூபிட்டோரண்டில் மொத்த இணைப்பை 150, டோரண்டுக்கு 40 என்று இறக்குங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் இறக்கப் போவதில்லை. சிங்க்திங்கைத் தொட வேண்டாம், அது ஒரு கருவிக்குச் சில இணைப்புகள்தான் வைக்கும்.

மீன்குழம்பு77

நாற்பது பேரா? அவர் பக்கத்துச் சொந்தங்களை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஓப்பன்_கதிர்

லூனாஸ்வாசி சொன்னது காலையில் நெட் சாகும் நோய்க்கு மருந்து. வாட்சாப் அழைப்பு விட்டு விட்டு வருவது வேறு நோய். பட்டியலைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் அது தீராது.

கணக்குப் பாருங்கள். 4கே கேமரா 100 எம்பிபிஎஸ்ஸில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் 405 ஜிபி. 50 எம்பிபிஎஸ் ஏற்றத்தில் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் போனாலும் 18 மணி நேரம். எந்த ரூட்டர் வாங்கினாலும் இந்த 18 குறையாது. அந்த 18 மணி நேரமும் வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதுதான் ரூட்டரின் கையில் இருக்கிறது.

ஏற்றம் நிரம்பினால் ரூட்டர் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) கீழே போடாமல் பெரிய வரிசையில் நிற்க வைக்கும். உங்கள் மனைவியின் குரல் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். இறக்கத்தில் இடம் இருந்தும் இறக்கம் குறைவதற்குக் காரணமும் இதுதான். ‘வந்து சேர்ந்தது’ என்று நம் பக்கமிருந்து போக வேண்டிய சின்னச் சின்னப் பதில்களும் அதே வரிசையில் மாட்டிக்கொள்கின்றன. டோரண்டின் யூடிபி வழி தானாக விட்டுக்கொடுக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் தாமதம் 100 மில்லி வினாடியைத் தொடும்வரை அது அசையாது. பேச்சுக்கு அதுவே கசக்கும். சிங்க்திங் சாதாரண டிசிபியில் போனால் அந்த அளவுகூட விட்டுக்கொடுக்காது.

இதற்கு மருந்து எஸ்கியூஎம், அதாவது வரிசையைச் சாமர்த்தியமாகக் கையாளும் வசதி. எஃப்கியூ-கோடெல் என்றும் கேக் என்றும் இரண்டு முறை இருக்கின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை போட்டு, சின்ன ஓட்டத்தை முன்னால் அனுப்பும். ஏற்றத்தின் உச்சத்தை லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, உங்களுக்கு 46 என்று, வைத்தால் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் கையில் இருக்கும். 4 எம்பிபிஎஸ் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம்.

புது ரூட்டர் வரும்வரை கைவைத்தியம்: சிங்க்திங், கியூபிட்டோரண்ட் இரண்டிலும் ஏற்ற வரம்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 40ஐத் தாண்டாமல் போடுங்கள். அளவை நொடிக்குக் கிலோபைட் கணக்கில் கேட்கும், எட்டால் வகுக்க மறக்காதீர்கள்; 40 எம்பிபிஎஸ் என்றால் சுமார் 5,000.

படப்பெட்டி

இரண்டையும் மாற்றினேன். நேற்று ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் நெட் உயிரோடு இருந்தது! அழைப்பும் பரவாயில்லை. ஆனால் திருவிழா மாதத்தில் வேலை இரண்டு மடங்காகும், ஒவ்வொரு புரோகிராமிலும் வரம்பு போட்டுக்கொண்டிருக்க முடியாது. ரூட்டர் வாங்கியே தீருவேன். அந்த எட்டு ஆண்டெனாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

லூனாஸ்வாசி

திறக்கிறேன். பெட்டியில் ஏஎக்ஸ்6000 என்று போட்டிருந்ததா? அந்த 6000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 1148, 5 கிகாஹெர்ட்ஸில் 4804, இரண்டையும் கூட்டி மேலே தள்ளிய எண். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும். பெரும்பாலான போனுக்கு உள்ளே இரண்டு ஆண்டெனாதான், 80 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதன் உச்சம் 1201. அதுவும் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காட்டும் எண். உங்கள் லைனோ 300. ஏஎக்ஸ்3000 கூட உங்களுக்கு மிச்சம்தான்.

வைஃபை 7 என்று இன்னொன்றும் நீட்டுவார்கள். அதன் பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் உண்டு. நம் நாட்டில் எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) திறந்துவிட்டது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை. 500க்குள் 320 ஒன்றுதான் அடங்கும். மலிவான வைஃபை 7 பெட்டிகள் சிலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே கிடையாது, அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

என் கருத்து: கடைக்காரர் வைஃபையை விற்கிறார், உங்களுக்கு வேண்டியது ரூட்டர். இரண்டும் ஒரே டப்பாவில் வருவதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். உங்கள் நோய் இரண்டும், பட்டியலும் வரிசையும், டப்பாவின் உள்ளே இருக்கும் சிப்பிலும் ரேமிலும் மென்பொருளிலும் இருப்பவை. ஆண்டெனாவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

கம்பிக்காரர்

அதையேதான் நானும் சொல்ல வந்தேன். பிரித்துவிடுங்கள் தம்பி. ரூட்டர் வேலைக்கு மிக்ரோடிக் ஹெக்ஸ், ஆர்பி750ஜிஆர்3. ஐந்து கிகாபிட் போர்ட், 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர், 256 எம்பி ரேம். வைஃபை கிடையாது. கைக்குள் அடங்கும் பெட்டி, பார்க்க ஒன்றுமே இல்லை. பட்டியலில் ஒரு வரிக்குச் சுமார் 300 பைட் என்று வைத்தாலும் 16,000 வரிக்கு 5 எம்பிதான் ஆகும், அதனால் இணைப்பு ஆயிரக்கணக்கில் போனாலும் அசராது. ரவுட்டர்ஓஎஸ் 7இல் கேக், எஃப்கியூ-கோடெல் இரண்டும் இருக்கின்றன.

வைஃபைக்கு இப்போது இருக்கும் இலவச ரூட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு போட்டதும் அழைப்பு பரவாயில்லை என்றீர்களே, அதன் ரேடியோவில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்துங்கள், முகவரியை 192.168.88.2 என்று மாற்றுங்கள், ஹெக்ஸிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (வீட்டுப் பக்க) போர்ட்டில் செருகுங்கள், வேன் (வெளிப் பக்க) போர்ட்டில் அல்ல. அவ்வளவுதான், இனி அது வெறும் வைஃபை பெட்டி. பின்னாளில் வைஃபை போதவில்லை என்றால் அதை மட்டும் மாற்றலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹெக்ஸ் வேகமாக ஓடுவது ஃபாஸ்ட்ட்ராக் என்ற குறுக்கு வழியில். சிம்பிள் கியூ என்ற வரிசை அமைப்பைப் போட்டால் ஃபாஸ்ட்ட்ராக்கில் போகும் பாக்கெட் அந்தக் கியூவைத் தொடாமலே போய்விடும், அப்புறம் வேலை செய்யவில்லை என்று இங்கே வந்து திட்டுவீர்கள். ஏற்றத்துக்கு மட்டும், வெளியே போகும் இண்டர்ஃபேஸ் மேல், கியூ ட்ரீ போடுங்கள். அது ஃபாஸ்ட்ட்ராக்கோடு ஒத்துப்போகும்.

மீன்குழம்பு77

அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், மிக்ரோடிக் உங்களுக்குச் சரி. அவர் தெலுக் இந்தானில் கல்யாண ஷூட்டிங்கில் நிற்கும்போது வீட்டில் நெட் போனால் யார் அந்த வின்பாக்ஸை (மிக்ரோடிக்கை அமைக்கும் புரோகிராமை) திறப்பது? பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன், அம்மாவுக்கு சீரியல். ரூட்டர் என்றால் போன் செயலியில் திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அதனால்தான் ஏசுஸ் என்றேன். கிகாபைட் ரேம், நாலு கோர் உள்ள நடுத்தர மாடல் செகண்ட் ஹேண்டில் 500க்குள் கிடைக்கும். நிலைத்து ஓடுவது என்பதில், வீட்டில் இருப்பவர் சரிசெய்ய முடிவதும் சேர்த்திதானே?

ஓப்பன்_கதிர்

மீன்குழம்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது, முதல் தடவையாக.

நடுவழி ஒன்று உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடக்கூடிய ஒரே பெட்டி. ஜிஎல்-ஐநெட் ஃப்ளிண்ட் 2 மாதிரி: மீடியாடெக் நாலு கோர், 1 ஜிபி ரேம், இரண்டு 2.5 கிகாபிட் போர்ட். போனில் திறக்கிற எளிய பக்கமும் உண்டு, உள்ளே போனால் எஸ்கியூஎம்மும் உண்டு. உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். எதை வாங்கினாலும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் அதே மாடல், அதே பதிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் வி1, வி2 என்று விற்பார்கள், உள்ளே சிப்பே மாறியிருக்கும். எஸ்கியூஎம் போட்டால் ஹார்ட்வேர் ஆஃப்லோடை நிறுத்த வேண்டும், அப்போது எல்லாப் பாக்கெட்டும் சிபியு வழியாகத்தான் போகும். சிபியுவுக்குக் காசு கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கம்பிக்காரர்

செயலி வேண்டுமென்றால் மிக்ரோடிக்குக்கும் போன் செயலி இருக்கிறது மீன்குழம்பு. ஆனால் சரி, அது எல்லார் கைக்கும் வராது.

எதை வாங்கினாலும் தம்பி, பழையதைக் கழற்றும் முன் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். டிஎம்மின் (டெலிகாம் மலேசியா) யூனிஃபை லைன் என்றால் இணையம் வீலேன் (ஒரே கம்பிக்குள் எண் போட்டுப் பிரித்த பாதை) 500இல் வரும், டிவி பெட்டி 600இல். டிஎம் கம்பியில் வரும் மேக்சிஸ் என்றால் 621. இந்த எண்ணைப் போடாமல் ரூட்டரைச் செருகினால் விளக்கு எரியும், நெட் வராது. பலர் இங்கேதான் புது ரூட்டர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஓஎன்யூவும் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ரூட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றச் சொல்லி நிறுவனத்தை அழைக்க வேண்டியிருக்கும். அப்போது அந்தப் பெட்டியின் வைஃபை போய்விடும், தனியாக ஒன்று வாங்க நேரும்.

இணையக் கடையில் வாங்கினால் சிரிம் (தரச் சான்று) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நெறியாளர்

புதுப்படம் இறக்குவது பற்றி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். டோரண்ட் என்பது அனுப்பும் முறை, அவ்வளவுதான். லினக்ஸ் வெளியீடுகளும் அதில் வருகின்றன, இண்டர்நெட் ஆர்க்கைவும் தருகிறது. அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் பரப்புவது நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் குற்றம். படப்பெட்டி அனுப்புவது அவரே எடுத்த வீடியோ. பேச்சு அதற்குள் இருக்கட்டும்.

தீவுக்காரி (கேரித்தீவு)

ரூட்டர், சிப், ரேம் எல்லாம் சரி. மின்னலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? சாயங்காலம் மழை கட்டினால் இங்கே கரண்டு ட்ரிப் ஆகாத வீடு கிடையாது. எங்கள் பக்கம் ரூட்டர் சாவது டோரண்டால் அல்ல, இடியால்.

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஃபைபர் வந்த பிறகு இது தொலைபேசிக் கம்பி காலம் அளவுக்கு மோசமில்லை. ஆனால் மின்னல் ஓஎன்யூவின் அடாப்டர் வழியாக வரும். அதைவிட மோசம், வீட்டிலிருந்து பின்னால் இருக்கும் கொட்டகைக்கோ பக்கத்துத் தங்கை வீட்டுக்கோ வெளியே இழுத்த லேன் கேபிள். படப்பெட்டி அண்ணன் ஸ்டூடியோ தனிக் கட்டடமாக இருந்தால் அந்த ஓட்டத்துக்குச் செம்பு வேண்டாம். இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்து ஃபைபர் இழுத்துவிடுங்கள். சர்ஜ் பிளக் வாங்கினாலும் வீட்டு எர்த் ஒழுங்காக இல்லை என்றால் அது வெறும் எக்ஸ்டென்ஷன்.

டிசி மினி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். ஓஎன்யூவும் ரூட்டரும் அதில் ஓடினால் ஒரு நொடி கரண்டு போய் வருவதற்கெல்லாம் 400 ஜிபி அனுப்புதல் அறுந்துபோகாது. வோல்ட் ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் இரண்டு அடாப்டரையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் ரூட்டரை டிவி கேபினெட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். தகரக் கூரை வீட்டில் மதியம் உள்ளே கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

கம்பிக்காரர்

நல்ல பேச்சு, தங்கச்சி. ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், 12 வோல்ட் யூபிஎஸ்ஸில் நேரே மாட்டலாம்.

பகாவ்_பையன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. சிம் போட்ட 4ஜி ரூட்டர்தான். சிங்க்திங்கில் அக்காவுக்கு ஃபைல் அனுப்பினால் எறும்பு வேகம். ரூட்டரில் சிங்க்திங்குக்கான 22000 போர்ட் (உள்ளே வரும் கதவு எண்) திறந்தும் பயனில்லை. ரூட்டர் மாற்றினால் சரியாகுமா?

ஓப்பன்_கதிர்

மாற்றினாலும் ஆகாது தம்பி. ரூட்டர் பக்கத்தில் வேன் ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினாலும், இல்லை ‘என் ஐபி என்ன’ என்று தளத்தில் கேட்டால் வேறு எண் வந்தாலும், நிறுவனம் உங்களைப் பலரோடு சேர்த்து ஒரே முகவரிக்குள் வைத்திருக்கிறது. சிஜிநேட் என்பார்கள். நீங்கள் உங்கள் ரூட்டரில் திறந்த போர்ட்டுக்கு முன்னால் அவர்களுடைய கதவு ஒன்று மூடியிருக்கிறது.

இரு முனையும் நேரே சந்திக்க முடியாதபோது சிங்க்திங் நடுவில் ரிலே ஒன்றைப் பிடித்து அதன் வழியே அனுப்பும். எறும்பு வேகம் அதனால்தான். கருவி விவரத்தில் ரிலே என்று போட்டிருக்கும் பாருங்கள். ஆனால் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். அக்கா வீட்டில் ஃபைபர், பொது ஐபி என்றால் அங்கே 22000ஐ டிசிபி, யூடிபி இரண்டுக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பக்கமிருந்து போகும் இணைப்பு நேரே போய்ச் சேரும். படப்பெட்டிக்கும் இது பொருந்தும். நீங்கள் இங்கே திறந்து வைத்தால் சென்னையில் அவர் எந்த லைனில் இருந்தாலும் கவலையில்லை. யூபிஎன்பியை (போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதியை) நம்பாமல் கையால் போடுங்கள்.

பகாவ்_பையன்

ஆமாம், ரிலே என்றுதான் இருக்கிறது. அக்காவுக்கு போன் போட்டுவிட்டேன். நன்றி அண்ணே.

படப்பெட்டி

வாங்கிவிட்டேன். கம்பிக்காரர் அண்ணன் வழியில் ஹெக்ஸ், மிச்சக் காசில் மினி யூபிஎஸ். ஓஎன்யூ எங்கள் வீட்டில் தனிப் பெட்டி, அதனால் பிரிட்ஜ் தொல்லை இல்லை. வீலேன் எண்ணும் பாஸ்வேர்டும் போட்டவுடன் லைன் பிடித்தது. பழைய ரூட்டர் இப்போது வைஃபைக்கு மட்டும். கியூ ட்ரீயில் கேக், உச்சம் 46.

சென்னைக்கு ஒரு கல்யாணம் முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது, கியூபிட்டோரண்டும் கூடவே. வரம்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்காரி அவள் அண்ணியோடு வீடியோ அழைப்பில் இருக்கிறாள், இன்னும் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. மீன்குழம்பு கேட்ட கேள்விக்காகப் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு செயலியைக் காட்டி வைத்திருக்கிறேன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான், என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டான். பட்டியலில் இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் வரி காட்டுகிறது, பெட்டி தொட்டால் சூடே இல்லை.

ஒரே ஒரு குறை. எடிட் கம்ப்யூட்டரிலிருந்து நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டிக்கு) கேபிளில் காப்பி செய்தால் நொடிக்கு 11 எம்பிதான் வருகிறது. இரண்டும் ஹெக்ஸிலேயே செருகியிருக்கின்றன. கிகாபிட் என்றீர்களே?

லூனாஸ்வாசி

11 என்றாலே 100 எம்பிபிஎஸ் லிங்க். ஹெக்ஸில் இண்டர்ஃபேஸ் பக்கத்தைத் திறந்து எந்தப் போர்ட் 100இல் நிற்கிறது என்று பாருங்கள். கேபிளில் நாலு ஜோடி உண்டு, கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். ஒரு ஜோடி அறுந்தாலோ, முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் இருந்தாலோ சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசிய மலிவுக் கேபிளாக இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். நல்ல கேட்5ஈ போதும், கேட்8 என்று விற்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

படப்பெட்டி

நாஸ் போர்ட்தான் 100. கேபிளை மாற்றினேன், 112 வருகிறது.